கால்வரை இழுக்கும் ஜவ்வு வலி: மாத்திரையா, நரம்பு ஊசியா, ஆபரேஷனா?

இடுப்பில் தொடங்கி, தொடைக்குப் பின்னால் இறங்கி, கெண்டைக்கால் தாண்டிப் பாதம்வரை சுரீரென்று இழுக்கும் வலி. எம்ஆர்ஐ எடுத்தால் ‘எல்4–எல்5 ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது’, அதாவது இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு, என்று ரிப்போர்ட் வருகிறது. ஒரு டாக்டர், மாத்திரை சாப்பிட்டுப் பொறுத்துப் பாருங்கள் என்கிறார். அடுத்தவர், முதுகில் ஒரு நரம்பு பிளாக் ஊசி போட்டால் போதும் என்கிறார். மூன்றாமவர் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கச் சொல்கிறார். மூன்று சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு யார் சொல்வதைக் கேட்பது என்று தவிக்கும் வாசகர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்க முடியும். மூன்றாவது வாரத்தில் சரியான பதில், மூன்றாவது மாதத்தில் சரியாக இருக்காது, ஆறாவது மாதத்தில் அது தவறாகவே ஆகிவிடலாம். ஸ்கேன் படத்தைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது காலண்டரைப் பார்க்கச் செலவிடுங்கள் என்பதே என் கட்சி.

இங்கே பேசுவது காலுக்கு இறங்கும் வலியை மட்டும். டாக்டர்கள் இதைச் சயாட்டிகா என்பார்கள். வலி இடுப்போடு நின்றுவிடுகிறது என்றால் கணக்கே வேறு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வெறும் இடுப்புவலிக்கு முதுகுத்தண்டு ஊசி போடவே வேண்டாம் என்று சொல்கிறது.

## ஒப்பிடும் முன்: காத்திருக்கக் கூடாதவர்கள்

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்கிறதா? அல்லது தெரியாமலே போய்விடுகிறதா? சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துவிட்டதா? இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் வலுவிழக்கின்றனவா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, நள்ளிரவானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்புக் கொத்து முழுவதும் நசுங்கும் நிலை அது. ஊசி, பிசியோ, எண்ணெய்க் கட்டு எல்லாம் அப்புறம்.

அதைவிட ஒரு படி குறைந்த அவசரம், பாதம் தொங்கிப்போவது. மாடிப்படியில் கால்விரல் இடறும், செருப்பு தானாகக் கழன்று விழும், குதிகாலை ஊன்றி நடக்கச் சொன்னால் முடியாது. வலி குறைந்துகொண்டே வந்து பலவீனம் கூடினால் அது நல்ல செய்தி அல்ல. அந்த வாரத்துக்குள்ளேயே முதுகுத்தண்டு அறுவை மருத்துவரைப் பாருங்கள். கீழே உள்ளதெல்லாம் வலி மட்டும் பெரிதாக இருப்பவர்களுக்கு.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், வலி தொடங்கி எத்தனை வாரம் ஆயிற்று என்பது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 183 சயாட்டிகா நோயாளிகளைப் பாதிப்பேர் படுக்கையிலும் பாதிப்பேர் வழக்கமான நடமாட்டத்திலும் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 1999இல் முடிவு வெளியானது. பன்னிரண்டு வாரத்தில் இரண்டு பக்கமும் 87 சதவீதம் பேருக்கு நல்ல குணம். படுக்கை ஓய்வு எதையும் கூட்டித் தரவில்லை என்பது ஒரு பாடம். பெரும்பாலோருக்கு உடம்பு தானே வழி செய்துகொள்கிறது என்பது அதைவிடப் பெரிய பாடம். பிதுங்கி வெளியே வந்த ஜவ்வை உடம்பு மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. ஸ்கேனில் பார்க்கப் பயமாக இருக்கும் பெரிய துண்டுகள்தான் சின்னப் புடைப்பைவிட அதிகமாகக் கரைகின்றன.

இரண்டாவது, ஸ்கேனும் வலியும் ஒத்துப்போகின்றனவா என்பது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கணக்கு வந்தது. இருபது வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வுப் புடைப்பு இருந்தது. ‘பல்ஜ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. பெருவிரல் பக்கம் மரத்தால் பெரும்பாலும் ஐந்தாவது இடுப்பு நரம்பு, சுண்டுவிரலும் உள்ளங்கால் ஓரமும் மரத்தால் அதற்கடுத்த நரம்பு. உங்கள் கால் சொல்வதும் படம் சொல்வதும் ஒரே நரம்பாக இருந்தால்தான் ஊசிக்கும் கத்திக்கும் அர்த்தம்.

மூன்றாவது, மற்ற நோய்கள்: சர்க்கரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, பழைய வயிற்றுப் புண்.

நான்காவது உங்கள் பிழைப்பு. நாள்கூலிக்காரருக்கு ஆறு வாரம் என்பதும், லீவு எடுத்தாலும் சம்பளம் வருபவருக்கு ஆறு வாரம் என்பதும் ஒன்றல்ல. டாக்டர் அறையில் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். சொன்னால்தான் அவர் கணக்கு மாறும்.

## மாத்திரை, பிசியோ, பொறுமை

மிகவும் மலிவானது என்ற பெயர் இதற்கு. முதல் ஆறு வாரத்துக்கு, பலவீனம் இல்லாதவரை, இதுதான் சரியான வழி. ஆனால் மறைமுகச் செலவு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளைச் சீட்டில் எழுதிய நாட்களைத் தாண்டி, மருந்துக்கடையில் ‘அதே மாத்திரை ஒரு அட்டை கொடுங்க’ என்று வாங்கிச் சாப்பிடும் வழக்கம் நமக்கு உண்டு. வயிறும் சிறுநீரகமும் ரத்த அழுத்தமும் அதற்கு விலை கொடுக்கும். கூடவே வரும் ப்ரீகாபலின் என்ற நரம்புவலி மாத்திரை விஷயத்தில் எனக்கு நேரடியான மனத்தாங்கலே உண்டு. ஆஸ்திரேலியாவில் 209 சயாட்டிகா நோயாளிகளுக்கு அதையும் வெற்று மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார்கள். கால் வலியில் வித்தியாசம் இல்லை, தலைசுற்றல் மட்டும் ப்ரீகாபலின் சாப்பிட்டவர்களுக்கு அதிகம். நைஸ் அமைப்பும் 2020இல் சயாட்டிகாவுக்கு இந்த வகை மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம்மூர்ச் சீட்டுகளில் அது இன்னும் வழக்கமாக வந்துகொண்டிருக்கிறது. இரவு அதைச் சாப்பிட்டுவிட்டுக் காலையில் அரைத் தூக்கத்தில் பைக் ஓட்டுவதுதான் என் கவலை. ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பிசியோ என்றால் பல இடங்களில் மெஷினைக் கட்டி இருபது நிமிடம் படுக்க வைப்பதோடு முடிந்துவிடுகிறது. உங்களுக்குப் பயிற்சி சொல்லித்தந்து, வீட்டில் செய்யவைத்து, மறுமுறை அதைச் சரிபார்க்கும் பிசியோதான் காசுக்குத் தகுந்தவர். இடுப்பு பெல்ட்டை நீண்ட பஸ் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், நாள் முழுக்க மாட்டிக்கொண்டு திரிய வேண்டாம்.

## நரம்பு பிளாக் ஊசி

இதைத்தான் மக்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘நரம்பைச் செயலிழக்கச் செய்யும் ஊசி’ என்று பயப்படுவோரும் உண்டு, ‘ஜவ்வை உள்ளே தள்ளும் ஊசி’ என்று நம்புவோரும் உண்டு. இரண்டும் இல்லை.

ஜவ்வின் நடுவே உள்ள கூழ் வெளியே கசிந்தால் அருகில் உள்ள நரம்பு வேர் அழற்சியால் வீங்குகிறது. அழுத்தம் மட்டும் வலியல்ல, அந்த அழற்சியும் வலி. ஊசியில் இரண்டு மருந்துகள் இருக்கும். மரத்துப்போக வைக்கும் மருந்து சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிச் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஸ்டீராய்டு அழற்சியைக் குறைக்கும்; அதற்குச் சில நாட்களாகும். இடைப்பட்ட ஒன்றிரண்டு நாளில் வலி திரும்பி வந்ததும் ‘ஊசி பலிக்கவில்லை’ என்று போன் செய்பவர்கள் ஏராளம். யோசனை பழையது. 1901இலேயே பாரிஸில் சிக்கார், கத்லேன் என்ற இரு மருத்துவர்கள் வால் எலும்புப் பக்கமாக எபிடியூரல் இடத்தில், அதாவது தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில், கோகெயின் செலுத்திப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு சேர்ந்தது 1950களில்.

அறைக்குள் நடப்பது இதுதான். வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வைப்பார்கள். பீட்டாடின் சில்லென்று முதுகில் வழியும். தோலை மரக்கவைத்த பின், சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே வளைவைத் திருப்பித் திருப்பிப் படம் பார்த்துக்கொண்டே நீளமான மெல்லிய ஊசியை நரம்பு வெளியேறும் துவாரத்தின் ஓரம்வரை கொண்டுபோவார்கள். முதலில் கொஞ்சம் சாயம். திரையில் அது நரம்பின் ஓரமாகக் கோடு இழுத்தாற்போல் ஓட வேண்டும்; ரத்தக்குழாய்க்குள் போனால் சட்டென்று மறைந்துவிடும். மருந்து ஏறும்போது ‘வழக்கமா வர்ற வலி அதே வழியில ஓடுதா?’ என்று டாக்டர் கேட்பார். ஓடினால் சரியான நரம்பைப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். எல்லாம் அரை மணி நேரத்துக்குள். எழுந்ததும் கால் சில மணி நேரம் தடுமாறலாம், அதனால் கூட ஒருவர் வேண்டும். வண்டியை நீங்கள் ஓட்டக் கூடாது.

பலன் எவ்வளவு? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகளைச் சேர்த்து 2020இல் சொன்னது, உப்புநீர் போன்ற போலி ஊசியைவிட 100 மதிப்பெண்ணுக்குச் சுமார் 5 மதிப்பெண் அளவுக்கே கால்வலி கூடுதலாகக் குறைகிறது, அதுவும் குறுகிய காலத்துக்கு. கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இது சராசரி. சிலருக்கு ஒன்றுமே ஆவதில்லை, சிலர் அன்று இரவே பல வாரங்களுக்குப் பிறகு தூங்குகிறார்கள். உங்களுக்கு எது என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. பிரிட்டனில் 163 பேரை வைத்து ஊசியையும் ஆபரேஷனையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட நெர்வ்ஸ் என்ற ஆய்வு 2021இல் வந்தது. ஆறு வாரத்துக்கு மேல், ஒரு வருஷத்துக்குள் இருந்த வலி. 18 வாரம் கழித்துப் பார்த்தால் இரு அணிக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. கடுமையான பக்கவிளைவு ஆபரேஷன் அணியில் நான்கு பேருக்கு, ஊசி அணியில் யாருக்கும் இல்லை.

இந்த இரண்டு ஆய்வையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது: ஊசி வாங்கித் தருவது நேரத்தை. ஜவ்வு கரைய உடம்புக்கு வேண்டிய சில வாரங்களை, கொஞ்சம் தூங்கி, கொஞ்சம் நடந்து, பிசியோ செய்து கடக்க அது உதவுகிறது. அந்த வாரங்கள் தேவைப்படாதவருக்கும், ஏற்கெனவே தாண்டிவிட்டவருக்கும் அதன் மதிப்பு குறைவு.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். ஊசி என்று சொன்னாலும் பில்லில் தியேட்டர் கட்டணம், சி-ஆர்ம், சாயம், மயக்க மருத்துவர் கட்டணம், ‘டே-கேர்’ படுக்கை என்று வரிசையாக வரும். காப்பீட்டில் கிடைக்குமா என்பதை ஊசிக்கு முன்பே, எழுத்தில், கேட்டு வாங்குங்கள். ஒரு நாள்கூடப் படுக்கவில்லையே என்று மறுக்கும் வாய்ப்பு உண்டு. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டால் சில நாட்களுக்கு, சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும், சர்க்கரை எகிறும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையோடு ஊசிக்குப் போகவே கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொன்னால், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நிறுத்தாமலே ஊசி போட்டால் முதுகுத்தண்டுக் குழாய்க்குள் ரத்தம் கட்டும் அபாயம், நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கும் அபாயம். இப்படி இருபுறமும் இடிபடுபவருக்கு ஊசி எளிய வழியே அல்ல.

அரிதான ஆபத்துகளை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014இல், எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு மிக அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், மரணம் நேர்ந்திருப்பதாக எச்சரித்தது. முதுகுத்தண்டுக்குப் போகும் ரத்தக்குழாயில் துகள் கொண்ட ஸ்டீராய்டு அடைத்துக்கொள்வது ஒரு காரணம். அதனால்தான் நரம்புத் துவாரத்தின் வழியாகப் போடும்போது, துகள் இல்லாத டெக்ஸாமெத்தாசோனைப் பலர் முதலில் தேர்கிறார்கள். 2012இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மருந்துத் தயாரிப்புக் கூடம் ஒன்றிலிருந்து வந்த பூஞ்சை கலந்த ஸ்டீராய்டால் 750க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூடி திறக்காத, ஒருவருக்கு மட்டுமான குப்பியா என்று கேட்பதை அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

பில்லில் தெரியாத இன்னொரு செலவு, வலி போனதும் வரும் தைரியம். மூன்றாம் நாளே கேஸ் சிலிண்டரைத் தூக்குவார்கள். ஜவ்வு இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

‘மூன்று ஊசி பேக்கேஜ்’ என்று மொத்தமாகக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் ஊசியின் பலனைப் பார்த்துத்தான் இரண்டாவதைப் பற்றியே பேச வேண்டும்.

## ஆபரேஷன்

மைக்ரோடிஸ்கெக்டமி என்பது சின்னக் கீறல் வழியாக, நரம்பை அழுத்தும் ஜவ்வுத் துண்டை மட்டும் எடுப்பது. ‘முதுகுத்தண்டில் கைவைத்தால் கால் போய்விடும்’ என்ற பேச்சு ஒவ்வொரு தெருவிலும் உண்டு. இந்த ஆபரேஷனைப் பொறுத்தவரை அது மிகைப்படுத்தல்தான். தகடும் திருகும் வைக்கும் பெரிய ஆபரேஷனோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சாதாரணமாக விலகிய ஒரு ஜவ்வுக்குத் திருகு வைக்கச் சொன்னால் கட்டாயம் இன்னொருவர் கருத்தைக் கேளுங்கள்.

இதன் பெரிய பலம் வேகம். நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம்வரை கடும் வலியில் இருந்த 283 பேரில் ஒரு பகுதிக்குச் சீக்கிரமாக ஆபரேஷன், மற்றவர்களைக் காத்திருக்க வைத்தார்கள். 2007இல் வந்த அந்த முடிவில், குணமாக ஆபரேஷன் அணிக்குச் சுமார் 4 வாரம், காத்திருந்த அணிக்குச் சுமார் 12 வாரம் ஆனது. ஒரு வருஷம் முடிந்தபோது இரு அணியிலும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் தாங்க முடியாமல் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நாள் கடந்துவிட்டால் தராசு சாய்கிறது. கனடாவில் நான்கு முதல் பன்னிரண்டு மாதம்வரை வலியில் இருந்த 128 பேரை வைத்து 2020இல் வந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்து ஆபரேஷன் அணியின் கால்வலி பத்துக்கு 2.8; மருந்து, பிசியோ, தேவைப்பட்டால் ஊசி என்று போன அணிக்கு 5.2. நான்கு மாதம் தாண்டியும் இழுத்துக்கொண்டிருக்கும் வலிக்கு ‘இன்னொரு ஊசி போட்டுப் பார்ப்போம்’ என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

செலவு: சில வாரம் வேலை இல்லை, குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலையென்றால் இன்னும் கூடுதல். சிலருக்கு அதே ஜவ்வு மீண்டும் பிதுங்கும். காலை விட்ட வலி இடுப்பில் கொஞ்சம் தங்கிவிடுவதும் உண்டு. ஆபரேஷன் கால்வலிக்கானது, இடுப்புவலிக்கு உத்தரவாதம் தராது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு, நரம்பு அறுவைப் பிரிவுகளிலும் விசாரித்துவிட்டுத் தனியாருக்குப் போவதா என்று முடிவெடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | மாத்திரை, பிசியோ | நரம்பு பிளாக் ஊசி | ஆபரேஷன் |
|---|---|---|---|
| பொருந்தும் காலம் | முதல் 6 வாரம் | ஏறக்குறைய 6 வாரம் முதல் 4 மாதம். தூங்கவே முடியாத வலியென்றால் முன்பே | 4 மாதம் தாண்டி. பலவீனம் கூடினால் உடனே |
| நிவாரணம் | வாரங்கள், மெதுவாக | சில நாட்களில், வந்தால் | பெரும்பாலும் விரைவாக |
| மருத்துவமனை | தேவையில்லை | சில மணி நேரம் | ஓரிரு நாள் |
| மறைந்திருக்கும் செலவு | வயிறு, சிறுநீரகம், தூக்கக் கலக்கம் | சர்க்கரை, காப்பீடு மறுப்பு, அசட்டுத் தைரியம் | வேலையிழப்பு, மீண்டும் பிதுங்கல் |
| ஒத்துவராதவர் | பலவீனம் கூடுபவர் | ரத்தம் உறையாமை மாத்திரையை நிறுத்த முடியாதவர், தொற்று உள்ளவர் | ஸ்கேனும் வலியும் ஒத்துப்போகாதவர் |

## சில நிலைமைகள்

மூன்றாவது வாரம், வலி மெல்லக் குறைகிறது, அலுவலகத்துக்குப் போய்வர முடிகிறது: ஒன்றும் செய்ய வேண்டாம். யார் எந்த ஊசியைச் சொன்னாலும் ஆறாவது வாரம்வரை பொறுங்கள்.

எட்டாவது வாரம், இரவில் தூக்கம் இல்லை, கால் பலம் சரியாக இருக்கிறது, சர்க்கரை கட்டுக்குள்: ஊசிக்கு இவர்தான் மிகச் சரியான ஆள். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், இப்போது படுத்துவிட முடியாது என்பவரும் இந்தப் பக்கம்தான்.

ஆறாவது மாதம், ஏற்கெனவே ஓர் ஊசி போட்டு இரண்டு வாரம் நன்றாக இருந்து மறுபடி வந்துவிட்டது: அறுவை மருத்துவரிடம் போங்கள். அந்த இரண்டு வாரம் வீணில்லை. எந்த நரம்பு குற்றவாளி என்பதை அது காட்டிக்கொடுத்திருக்கிறது. ஆனால் ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள். தொற்றுப் பயத்தால், ஸ்டீராய்டு போட்ட சில வாரங்களுக்குள் கத்தி வைக்கப் பலர் தயங்குவார்கள்.

எழுபது வயது, உட்கார்ந்தால் வலி இல்லை, கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து நிற்க வேண்டியிருக்கிறது, குனிந்தால் தேவலை: இது பெரும்பாலும் ஜவ்வுப் பிதுக்கம் அல்ல, தண்டுக் குழாய் சுருங்குவது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட 400 பேரிடம் 2014இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு சேர்த்த ஊசி, மரக்கவைக்கும் மருந்து மட்டும் போட்ட ஊசியைவிட ஆறு வாரத்தில் மேலாக எதுவும் செய்யவில்லை. ரத்தக்குழாய் அடைப்பாலும் இதே மாதிரி கால் கனக்கும். பாதத்தில் நாடி பார்த்தார்களா என்று கேளுங்கள்.

ஊசிதான் என்று முடிவு செய்தவர்கள், ஊசிக்கு முந்தைய நாள் பாத்ரூமுக்கு நடக்கும்போது பத்துக்கு எத்தனை வலி என்று ஒரு தாளில் குறியுங்கள். ஊசிக்குப் பின் முதல் ஆறு மணி நேரத்தில் அதே நடைக்கு எத்தனை என்று மணிக்கொரு முறை எழுதுங்கள், பிறகு இரண்டு வாரம் தினம் ஒரு முறை. முதல் ஆறு மணி நேரம் நரம்பு சரிதானா என்பதைச் சொல்லும், அடுத்த இரண்டு வாரம் ஸ்டீராய்டு வேலை செய்ததா என்பதைச் சொல்லும். அடுத்த விசிட்டில் ‘பரவாயில்லை டாக்டர்’ என்று சொல்லாமல் அந்தத் தாளை நீட்டுங்கள். காய்ச்சல், கழுத்து விறைப்பு, எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும் வலி, காலில் புதிய பலவீனம் இவற்றில் எது வந்தாலும் விசிட் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள்.